திருகோணமலையில் பட்டமளிப்பு விருந்து: கடலைப் பார்க்கும் முன் கலண்டரைப் பாருங்கள்

பட்டமளிப்பு விழாவுக்குத் திகதி அறிவித்த அன்றே குடும்ப வாட்ஸ்அப்பில் மூன்று கேள்விகள் வந்துவிடும். மண்டபத்துக்குள் யார் யார் போவது? என்ன சேலை? இரவு எங்கே சாப்பாடு? முதலாவதைப் பல்கலைக்கழகம் தீர்த்துவிடும், இரண்டாவதை மாமிமார் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவதுதான் கடைசி நாள் வரை இழுபடும். ஊருக்குப் புதியவர் என்றால் இன்னும் சிக்கல். இணையத்தில் தேடினால் கடற்கரை, மெழுகுவர்த்தி, சிவந்த நண்டு என்று படங்கள் வரிசையாக வரும். மூட்டுவலிக்கார அம்மம்மா, வெள்ளிக்கிழமை விரதக்காரப் பெரியப்பா, மணலைக் கண்டால் ஓடுகிற சின்னப்பிள்ளைகள் என்று பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்தப் படங்களால் பெரிய உதவி இல்லை.

இடமாற்றத்தில் இங்கே வந்து குடியிருப்பவர்கள், பிள்ளை கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படித்ததால் வெளியூரிலிருந்து வருகிற பெற்றோர், யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ பட்டம் வாங்கிய பிள்ளையை வைத்து இங்கே ஒரு விருந்து கொடுக்க நினைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். மேசையில் உட்காரப்போகிற ஆட்களைப் பார்த்து இடத்தைத் தெரிவுசெய்யுங்கள், கடல் தெரிகிறதா என்பதைக் கடைசியில் பார்க்கலாம். திருகோணமலையில் கடல் எங்கும் ஓடிப்போகாது.

1. ஆட்களின் பட்டியல்

ஒரு தாளில் வருகிறவர்களின் பெயரை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவருக்கு இருக்கும் தடையைக் குறியுங்கள். விருப்பத்தை எழுத வேண்டாம். விருப்பம் என்று கேட்டால் எல்லோரும் "எதெண்டாலும் பரவாயில்லை" என்பார்கள், பிறகு மேசையில் உட்கார்ந்து முகத்தைச் சுளிப்பார்கள். யார் சுத்த சைவம், யார் முட்டை சாப்பிடுகிற சைவம், யாருக்கு ஹலால் வேண்டும், யாரால் படி ஏற முடியாது, யாருக்குச் சீனி வருத்தம் இருப்பதால் ஏழு மணிக்கே சாப்பிட வேண்டும், யார் அன்றிரவே ஊர் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும்.

இந்த ஊரில் பட்டதாரியின் நண்பர் கூட்டம் பெரும்பாலும் கலந்துதான் இருக்கும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்திருப்பார்கள். நண்பர்களையும் அழைக்கிறீர்கள் என்றால் ஹலால் விஷயத்தை அவர்கள் வாயால் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். அழைக்கும்போதே "ஹலால் இடந்தான் பார்த்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டால் அவர்கள் நிம்மதியாக வருவார்கள். மதுவும் பன்றி இறைச்சியும் பரிமாறுகிற இடத்துக்குச் சில குடும்பங்கள் வரவே தயங்கும், ஹலால் கோழி இருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குப் போதாது.

பட்டம் வாங்கிய பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதைத்தான் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு வேண்டியது அம்மா வைக்கும் கணவாய்க் கறியாகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் வீட்டிலேயே சமைத்து, வெளியில் ஐஸ்கிறீமோடு முடிக்கலாம், செலவும் மிச்சம்.

2. கலண்டர்

ஊருக்குப் புதியவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. விழா எந்தக் கிழமையில் வரும் என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கும். ஆனால் விருந்து அதே நாளில்தான் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வெள்ளிக்கிழமை என்றால் பாதி மேசை சைவம். சில வீடுகளில் செவ்வாயும் அப்படித்தான். சைவக் கடையில் விருந்து வைப்பதென்றால் வெள்ளி நல்ல நாள், கடலுணவு விருந்து என்றால் தவிர்த்துவிடுங்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் உணவகங்கள் பல பூட்டியிருக்கும், தொழுகை முடிந்ததும் ஒரே நெரிசல். நோன்பு மாதத்தில் அவற்றில் பல பகலில் இயங்கா. நோன்பு திறக்கும் நேரத்தில் உள்ளே இருக்கிற ஊழியர்களே கஞ்சியும் பேரீச்சம்பழமுமாக இருப்பார்கள், அந்த அரை மணித்தியாலத்தில் போய் "கொத்து எங்கே?" என்று நிற்பது அழகல்ல. இரவு எட்டுக்குப் பிறகு போனால் கவனிப்பும் நன்றாக இருக்கும்.

விரத காலங்கள் தனிக்கதை. ஐப்பசியில் கந்தசஷ்டி, அதற்கு முன் கேதார கௌரி, புரட்டாசிச் சனி, மார்கழியில் திருவெம்பாவை. ஆடி அமாவாசையன்று தகப்பனை இழந்தவர்களும், சித்திரா பௌர்ணமியன்று தாயை இழந்தவர்களும் விரதம் இருப்பார்கள். அந்த இரண்டு நாட்களிலும் பெரியவர்களை உணவகத்துக்கு அழைப்பது அவர்களுக்குச் சங்கடம். குடும்பத்தில் யாருக்காவது துடக்கு இருக்கிறதா என்பதையும் மெதுவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று நாடு முழுவதும் மது விற்பனைக்குத் தடை. இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும், உணவகங்கள் முதல்நாளே வாங்கி வைத்ததைத்தான் சமைக்கும். "போயாவில் விருந்தா?" என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் குடும்பமாகப் போக இதைவிட நல்ல மாலை இல்லை. குடித்துவிட்டுச் சத்தம் போடுகிற கூட்டம் இருக்காது. அந்தக் கடற்கரை கிழக்கைப் பார்த்தது, ஆகவே பொழுது சாய்கிற நேரத்தில் முழு நிலா கடலுக்குள் இருந்து எழும்பி வரும். ஒரே நிபந்தனை, போயா ஒரு நீண்ட வார இறுதியோடு ஒட்டி வரக்கூடாது. வந்தால் கொழும்பிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிற வாகனங்களால் உப்புவெளியும் நிலாவெளியும் நிரம்பி வழியும்.

காலநிலையையும் சேர்த்துப் பாருங்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கடல் அமைதி, உல்லாசப் பயணிகள் கூட்டம், விலையும் அதற்கேற்ற உயரத்தில். அந்த மாதங்களில் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் திறந்தவெளி மேசையில் கடதாசிக் கைக்குட்டை ஒன்றும் நிற்காது, மணல் சோற்றில் விழும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். கடற்கரையோரச் சிறிய உணவகங்கள் சில அப்போது பூட்டியே கிடக்கும், படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் மீனும் குறைவு. மழைக்காலத்தில் கூரையும் சுவரும் உள்ள நகர உணவகந்தான் புத்தி.

கோயில் நாட்கள் வீதியைப் பாதிக்கும். சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில் வீதிக்கு வீதி தோரணமும் நிறைகுடமுமாக இருக்கும். பங்குனி உத்தரத்தையொட்டிக் கோணேசர் கோயில் கொடியேறும். அந்த நாட்களில் வெளியூர்க்காரருக்குத் தங்குமிடம் கிடைப்பதும் சிரமம், நகருக்குள் வான் நிறுத்துவதும் சிரமம்.

3. மதியமா, இரவா?

எல்லோரும் இரவு விருந்து என்றே நினைக்கிறார்கள். இரவு மெயில் ரயிலில் கொழும்பு திரும்ப வேண்டியவர்கள் இருந்தால் இரவுச் சாப்பாடு சரிவராது, மதியத்துக்கு வையுங்கள். விழா கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இருக்கும் வந்தாறுமூலையில் நடந்து அன்றே திருகோணமலை வருவதென்றால் வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாக 100 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததிலிருந்து கிண்ணியாவில் படகுத்துறைக் காத்திருப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் காலை நான்கு மணிக்கு எழும்பிச் சேலை கட்டி, மண்டபத்தில் மணிக்கணக்காக இருந்து, வெயிலில் படம் எடுத்து முடித்தவர்களுக்கு வானில் ஏறியதும் நித்திரைதான் வரும். அப்படிப்பட்ட நாளில் வீட்டில் இடியப்பமும் சொதியும் போதும். விருந்தை அடுத்த சனி, ஞாயிறுக்கு வையுங்கள். கண்டி, கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இரவுதான் என்று முடிவானால் 6.45 அல்லது 7 மணிக்கு மேசையைக் கேளுங்கள். இந்த ஊர் சீக்கிரம் அடங்குகிற ஊர். ஒன்பதரைக்குப் பிறகு குசினியில் அடுப்பை அணைக்கத் தொடங்குவார்கள், சின்னப்பிள்ளைகள் அதற்கு முன்பே மடியில் சாய்ந்துவிடும்.

4. எந்தப் பகுதி

நகருக்குள் பிரதான வீதி, மத்திய வீதி, பஸ் நிலையம் சுற்றிய பகுதியில் சைவக் கடைகளும் முஸ்லிம் உணவகங்களும் நெருக்கமாக இருக்கின்றன. சாப்பாட்டின் ருசிக்கும் விலைக்கும் இவற்றை அடிக்க ஆளில்லை. ஆனால் பல இடங்களில் நான்கு பேர் மேசைதான், பதினைந்து பேரை ஒன்றாக உட்காரவைக்க மேல்மாடிக்கு அனுப்புவார்கள். அங்கேதான் படிக்கட்டுப் பிரச்சினை வரும். பத்துப் பேருக்குக் குறைவான, நடக்கக்கூடிய குடும்பம் என்றால் நகரே போதும். முஸ்லிம் உணவகங்களில் முன்கூட்டிச் சொன்னால் சஹன் வைத்துத் தருவார்கள். பெரிய தட்டில் நெய்ச்சோறோ புரியாணியோ, கோழி, மாடு, அச்சாறு எல்லாம் வைத்து, ஆறு பேர் வரை சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற முறை. நண்பர் கூட்டத்துக்கு அருமை. மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் முதலே சொல்ல வேண்டும்.

உட்துறைமுக வீதியும் உவர்மலைப் பக்கமும் மேற்கே துறைமுகத்தைப் பார்த்தவை. திருகோணமலையில் சூரியன் தண்ணீர் மேல் மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பக்கந்தான். உப்புவெளியில் போய் "சன்செட் எங்கே?" என்று கேட்கிறவர்கள் உண்டு, அது அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கும். உட்துறைமுக வீதியில் பழைய கட்டடம் ஒன்றில் இருக்கும் டச் பாங்க் கஃபே போன்ற இடங்கள் சிறு குழுவுக்கு, பிட்சா, பாஸ்தா கேட்கிற இளசுகளுக்கு ஏற்றவை. சோறு இல்லாமல் சாப்பாடே இல்லை என்கிற தாத்தாவை அங்கே கூட்டிப்போக வேண்டாம். டச் குடாப் பக்கம், டைக் வீதியில் உள்ள ஹோட்டல்கள் கோட்டைக்கும் கோணேசர் கோயிலுக்கும் கிட்ட. கோயிலில் அர்ச்சனை முடித்துவிட்டு நேரே சாப்பிடப் போக நினைப்பவர்களுக்கு வசதி. கோட்டை வாசலில் மான்கள் சாப்பாட்டைத் தேடிக் கிட்டவே வரும். பூச்செண்டையும் மாலையையும் கொஞ்சம் உயரப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வடகரை வீதியால் ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் போனால் அலஸ்தோட்டம், உப்புவெளி. ட்ரிங்கோ புளூ பை சின்னமன் போன்ற பெரிய ஹோட்டலிலிருந்து மணலில் நாலு மேசை போட்ட சிறிய கடை வரை இங்கே எல்லாம் உண்டு. பதினைந்து பேருக்கு மேல், வாகனம் நிறுத்த இடம், கொமட் கழிவறை, தனி மேசை எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பெரிய ஹோட்டல்தான் கவலையில்லாத தெரிவு. செலவு கூட. மணலில் போட்ட கதிரைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பிளாஸ்டிக் கதிரையின் கால் மணலில் புதையும், எழும்பும்போது பெரியவர்கள் சாய்ந்துவிடுவார்கள். சேலைக் கரையும் பாழ். மணல் மேசை நண்பர்களுக்கு மட்டும்.

நிலாவெளி நகரிலிருந்து 15 கிலோமீற்றர் அளவில். அங்கேயே தங்குகிறவர்களுக்குச் சரி. நகரில் வீடுள்ளவர்கள் ஒரு சாப்பாட்டுக்காக இரவில் போய்வர வேண்டிய தூரமாக எனக்குத் தெரியவில்லை. கோணேசபுரி வளாகத்திலேயே உங்கள் நிகழ்ச்சி முடிந்தால் கதை வேறு, அந்தப் பாதையிலேயே ஒரு மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நகருக்குத் திரும்பலாம்.

5. குசினியிடம் கேட்க வேண்டியவை

"சைவச் சாப்பாடு இருக்கா?" என்று கேட்டால் எல்லா இடத்திலும் "இருக்கு" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கடலோர ஹோட்டல்களில் இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டால் அதற்குப் பெயர் சைவம். மாசிக் கருவாடு எங்கே ஒளிந்திருக்கும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது: கட்டைச் சம்பல், சீனிச் சம்பல், சில இடங்களில் பருப்புக் கறி, மல்லுங் கூட. மரக்கறிச் சொப்சியில் சிப்பிச் சோஸ் விழும். மரக்கறி சூப்பில் கோழிக் கட்டி கரைத்திருப்பார்கள். மரக்கறி பிரைட் றைஸில் முட்டை கேட்காமலே வரும்.

கொத்து இன்னும் ஆபத்து. ஒரே தட்டையான இரும்புக் கல்லில் கோழிக் கொத்து அடித்து இறக்கி, கரண்டியால் ஒரு சுரண்டு சுரண்டிவிட்டு அடுத்ததாக மரக்கறிக் கொத்துப் போடுவார்கள். ஈரம் போதவில்லை என்று மேலே ஒரு அகப்பை குழம்பு ஊற்றுவார்கள். அது என்ன குழம்பு என்பதுதான் கேள்வி. நிறம் ஒன்றுதான், வாசத்தில் பிடிபடும், அதற்குள் பெரியம்மா இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார்.

ஆகவே தொலைபேசியில் இப்படிக் கேளுங்கள்:

"தம்பி, எங்கட ஆக்களில அஞ்சு பேர் சுத்த சைவம். முட்டை, மாசி ஒண்டும் சேராது. அவைக்கு வேற சட்டியில செய்வீங்களோ?"

"செய்யலாம் அக்கா."

"கொத்து வேண்டாம் தம்பி, கல்லு ஒண்டுதானே. இடியப்பமும் சொதியும், உருளைக்கிழங்குப் பிரட்டலும், கத்தரிக்காய் மோஜுவும் தருவீங்களோ?"

இப்படிப் பெயர் சொல்லிக் கேட்டால் அவரும் குசினியில் போய்க் கேட்டுவிட்டு ஒழுங்காகப் பதில் சொல்வார். "கேட்டுச் சொல்றன்" என்கிறவரை நம்பலாம். எதைக் கேட்டாலும் உடனே "ஓம், ஓம்" என்கிறவரிடந்தான் கவனம் வேண்டும். சுத்த சைவக்காரர் மேசையில் பாதிக்கு மேல் என்றால் யோசிக்கவே வேண்டாம், நகரில் ஒரு நல்ல சைவக் கடையைப் பிடியுங்கள். இறால் சாப்பிடுகிறவர் ஒருநாள் தோசை சாப்பிடலாம், சைவக்காரர் ஒருநாளும் இறால் சாப்பிட முடியாது.

ஹலால் என்றால் சான்றிதழ் இருக்கிறதா, கோழி எங்கே வாங்குகிறார்கள் என்று நேரே கேளுங்கள். இந்த ஊரில் அதைக் கேட்பதை யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள்.

கடலுணவுக்கு வருவோம். திருகோணமலை வந்து மீன் சாப்பிடாமல் போவதா என்று உறவினர் கேட்பார்கள், நியாயந்தான். பாரை, அறுக்குளா, விளை, சீலா, கணவாய், இறால் எல்லாம் நல்லது. ஆனால் நண்டும் சிங்க இறாலும் பல இடங்களில் நிறைக்கு விலை போடப்படும். விலைப்பட்டியலில் "சந்தை விலை" என்று மட்டும் இருந்தால் மூன்று விஷயத்தைத் தெளிவாக்குங்கள்: இன்றைக்குக் கிலோ என்ன விலை, நிறை பார்ப்பது சமைப்பதற்கு முன்னா பின்னா, சமையல் கூலி அதற்குள் அடங்குமா. நண்டை உயிரோடு காட்டி நிறுத்துவிட்டுச் சமைக்கச் சொல்வது இங்கே வழக்கந்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நண்டுக் கறி விருந்தின் நடுவில் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். பட்டுச் சேலை, வெள்ளைச் சட்டை, இன்னும் எடுக்க வேண்டிய குடும்பப் படம். நண்டு உடைக்கத் தொடங்கினால் பத்து நிமிடத்துக்கு மேசையில் ஒருவரும் ஒருவரோடும் கதைக்கமாட்டார்கள். படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு ஒரு தட்டு வந்தால் போதும். அங்கி திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றால் அதை உணவகத்துக்குக் கொண்டுவராமலே விடுங்கள். மஞ்சள் கறை போகாது.

6. ஒருமுறை நேரில்

விருந்துக்கு ஒரு வாரம் முன்னதாக, அதே கிழமையில், அதே நேரத்தில் இரண்டு பேர் போய் ஒரு சின்னச் சாப்பாடு சாப்பிட்டுப் பாருங்கள். செவ்வாய் மதியம் வெறிச்சோடிக் கிடக்கிற இடம் சனி இரவு பாட்டுக் கச்சேரியாக மாறியிருக்கலாம். போன உடனே கழிவறைக்குப் போங்கள். கொமட் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, நிலம் வழுக்குகிறதா, அங்கே போக எத்தனை படி? பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு இதுதான் முதல் பரீட்சை. இதில் தோற்ற இடம் எவ்வளவு ருசியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சுவரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துக் கொடுத்த தரச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். கை கழுவும் இடம் மேசைக்குக் கிட்ட இருக்கட்டும், கையால் சாப்பிடுகிற பதினைந்து பேர் வரிசையில் நிற்க வேண்டும் அல்லவா? வெளி மேசை என்றால் நுளம்பைப் பாருங்கள். பொழுதுபட்ட பிறகு காலடியில் நுளம்புச் சுருள் வைத்துத் தருவார்களா என்று கேட்கலாம். வெளிச்சத்தையும் பாருங்கள். மங்கலான மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் பட்டதாரியின் முகம் யாருக்கும் தெரியாது, வெளிநாட்டிலிருந்து பார்க்கிற சித்தி குறைப்படுவார்.

7. பணமும் எழுத்தும்

விலைப்பட்டியலில் இருக்கிற விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பெரிய ஹோட்டல்களில் 10 வீதம் சேவைக் கட்டணம் சேரும். பதிவுசெய்த இடங்களில் வற் வரியும் சேரும், அது 2024 ஜனவரி முதல் 18 வீதம். சாப்பாடு 40,000 ரூபாய் என்றால் சேவைக் கட்டணம் 4,000, வரி 7,200, கையில் வருகிற பில் 51,200 ரூபாய் அளவில் இருக்கும். தண்ணீர்ப் போத்தலும் பழச்சாறும் வேறு. "ஒரு ஆளுக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, அந்தத் தொகையையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

புபே என்று ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஹோட்டலில் விருந்தினர் குறைந்த நாளில் புபே இல்லாமல் செட் மெனுவாக மாற்றிவிடுவார்கள். உங்கள் நாளில் புபே நிச்சயமா என்று கேளுங்கள். சிறுவர்களுக்கு எந்த வயது வரை பாதி விலை என்பதையும் கேளுங்கள். பட்டியலைப் பார்த்து ஆளுக்கு ஒன்று சொல்வது என்ற முறை எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பதினைந்து விதமாகச் சொன்னால் முதல் தட்டு வந்து கடைசித் தட்டு வருவதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விடும். சோறு இரண்டு வகை, கறி நாலைந்து வகை என்று முதல்நாளே தெரிவுசெய்து நடுவில் வைத்துப் பகிர்ந்தால் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாம். பெரிய பிளேட் பிரைட் றைஸ் ஒன்று இரண்டு பேருக்குத் தாராளம்.

கதைத்து முடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். ஹோட்டலில் தொலைபேசி எடுத்தவரும் அன்று பரிமாறுகிறவரும் வேறு வேறு ஆட்கள். சில இடங்களில் குசினியில் நிற்கிறவருக்குத் தமிழ் வராது, எழுத்தில் இருந்தால் யாராவது வாசித்துச் சொல்வார்கள். இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம். 16ஆம் திகதி சனிக்கிழமை இரவு 6.45. பெரியவர்கள் 14, சிறுவர்கள் 3. சுத்த சைவம் 5 பேர் (முட்டை, மாசி வேண்டாம், வேறு சட்டி). கீழ்த்தளத்தில் ஒரே மேசை. கேக் நாங்கள் கொண்டுவருவோம், குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். முற்பணம் 10,000 ரூபாய் இன்று கட்டினோம். சரி என்றால் பதில் அனுப்பவும்."

பதில் வந்ததும் அதைக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள், திகதி மாற்றினால் அந்தக் காசு என்னாகும் என்றும் கேளுங்கள். சில விழாத் திகதிகள் கடைசி நேரத்தில் தள்ளிப்போவது இந்த நாட்டில் புதினமில்லை. வெளிக் கேக்குக்குக் கட்டணம் எடுக்கிற இடமும் உண்டு, முட்டையில்லாக் கேக் வேண்டுமென்றால் நகரில் இரண்டு நாள் முந்தியே சொல்லிவைக்க வேண்டும்.

பில்லை யார் கொடுப்பது என்று மேசையில் இழுபறி வேண்டாம். மாமா ஒரு பக்கம் கார்டை நீட்ட, அப்பா மறுபக்கம் பணத்தை நீட்ட, வெயிட்டர் பாவம் நடுவில் நிற்பார். முற்பணம் கட்டியவரே மீதியையும் கட்டுவது என்று முன்னதாகவே முடிவெடுங்கள். கார்ட் எடுப்பார்களா, அதற்கு மேலதிகமாக ஏதாவது போடுவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. அன்று

காலையில் ஒருமுறை தொலைபேசியில் நினைவூட்டுங்கள். நாற்பது நிமிடம் முந்தி இரண்டு பேர் போய் மேசை, விசிறி, சைவப் பாத்திரத்துக்குத் தனிக் கரண்டி எல்லாம் சரியா என்று பார்க்கட்டும். சைவத் தட்டுகளை மேசையின் ஒரு முனையில் சேர்த்து வைக்கச் சொன்னால் கரண்டி மாறாது. அம்மம்மாவுக்கு வாசலுக்கும் கழிவறைக்கும் கிட்டிய கதிரை. "அப்ப, வேலை எப்ப?" என்று கேட்கப்போகிற உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரைப் பட்டதாரிக்கு எதிரே உட்காரவைக்காதீர்கள், மேசையின் மறுகோடியில், நண்டுத் தட்டுக்குக் கிட்ட இடம் கொடுங்கள்.

படம் எடுப்பதைச் சாப்பாட்டுக்கு முன் முடியுங்கள். வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமென்றால் ஆறு மணிக்கே இடத்தில் இருக்க வேண்டும். மார்கழிப் பக்கம் அதற்கும் முன்பே இருட்டிவிடும்.

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ சாப்பிடுகிறீர்கள் என்றால் திரும்பும் வழியைப் போகும்போதே பேசிவிடுங்கள். இரவு எட்டுக்குப் பிறகு பஸ்ஸை நம்ப வேண்டாம். கொண்டுவந்து இறக்கிய ஓட்டோக்காரரிடமே நம்பர் வாங்கி, "ஒன்பதுக்கு வாங்கோ அண்ணை" என்று சொல்லி, போகவர விலையையும் அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். மீதிச் சாப்பாட்டைப் பார்சல் கட்டும்போது சைவத்தைத் தனியாகக் கட்டச் சொல்லிப் பையில் பேனையால் எழுதுங்கள். இரவு பஸ்ஸில் தூரம் போகிறவர்களுக்கு இறால், நண்டு, கணவாய் கொடுத்துவிடாதீர்கள். அவர்களுக்குக் கேக் போதும்.